தெருக்குத்தில் ஓர் அரைச் செங்கல்

திருச்சியில் ஒரு பெண் தனியாக ஓட்டலுக்குப் போனால் அவளைக் குடும்ப அறையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள். அறை என்றால் ஒரு மரத்தடுப்பு, ஒரு பச்சைத் திரை, நான்கு நாற்காலி. சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில் முதல் நாள் காலை நான் ஒருத்தியே ஒரு குடும்பமாக உட்கார்ந்தேன். சர்வர் திரையை விலக்கி, காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "மத்தவங்களும் வந்துரட்டுங்களா?" என்றார். யாரும் வரமாட்டார்கள், பொங்கல் கொண்டுவாருங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. நான்கு டம்ளரிலும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

பொங்கலைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பினாங்கில் பொங்கலில் நெய் வாசனை மட்டும் இருக்கும், இங்கே இலையில் நெய் ஓடியது. ஆனால் நான் அங்கே தெருவோர பெஞ்சில் சாப்பிட்டுப் பழகியவள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யாராவது ஒருவருடைய முழங்கை என் ரொட்டியில் படும், அதற்காக ஒரு சண்டை போடலாம். திரைக்குப் பின்னால் சண்டை போட ஆளில்லை. பாதிப் பொங்கலை வைத்துவிட்டு எழுந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் அது. மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றால் உடனே பூர்வீகம் தேடியா என்பார்கள். இல்லை, வேலை தேடிக்கொண்டு வந்தது. அதற்கு முந்திய மழைக்காலத்தில் ஆறு ஊருக்குள் வந்துவிட்டுப் போயிருந்தது. கொள்ளிடக் கரையில் குடிசை போட்டிருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்து ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் இருந்தார்கள். திருவானைக்காவலுக்கு அப்பால் ஒரு மேட்டு நிலம் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. செங்கல்லும் ஓடும் தர ஒரு நிவாரண அறக்கட்டளை தயாராக இருந்தது. தெரு எப்படிப் போக வேண்டும், யார் வீடு எங்கே என்று ஒரு வரைபடம் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும்.

அந்த வரைபடத்தை, குடியேறப் போகிறவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, ஒரு கல்லூரியின் சமூகப்பணி முதுகலை மாணவர்கள் போடவேண்டும். எப்படி உட்காருவது என்று சொல்லித்தர நான். பினாங்கில் கட்டட வடிவமைப்பு ஆசிரியை. எங்கள் தொழிலில் இதற்குப் பங்கேற்பு வடிவமைப்பு என்று பெரிய பெயர் உண்டு. எளிதாகச் சொன்னால், குடியிருக்கப் போகிறவரைக் கேட்டு வீடு கட்டுவது. இதைச் சொல்வதற்கு ஒருத்தி கடல் தாண்டி வரவேண்டுமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

வகுப்பில் நான் போட்ட ஒரே சட்டம், களத்துக்குப் போனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது. சுட்டிக்காட்டக் கூடாது, திருத்தக் கூடாது, "இப்படிச் செய்தால் நல்லது" என்று வாய் திறக்கவே கூடாது. முதல் வரிசையில் ஆரோக்கியமேரி என்ற பெண், மேலப்புதூர்க்காரி, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவள் பக்கத்தில் ஸ்ரீரங்கத்துப் பையன் ராகவன், நெற்றியில் ஸ்ரீசூர்ணம், ஒவ்வொரு வரிக்கும் ஒரு சந்தேகம். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது பின்னால் யாரோ ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது. தமிழில் இப்படி வரும்: "இந்தம்மா வீடு கட்டச் சொல்லித்தர வந்தாங்களா, கையைக் கட்டச் சொல்லித்தர வந்தாங்களா?" எனக்குப் பிடித்திருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் டவுன் பஸ்ஸில் எல்லோருமாகக் கிளம்பினோம். பெண்கள் பக்கத்தில் எனக்கு இருவர் சீட் கிடைத்தது. ஆண்கள் படியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள், என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. மாணவிகள் மரியாதைக்காக நின்றார்கள். மற்றவர்கள் என் கைக்கடிகாரத்தையும் கத்தரித்த தலைமுடியையும் பார்த்துவிட்டு நின்றார்கள். காவிரிப் பாலத்தின் நடுவில் பஸ் இரண்டு முறை இருமி அடங்கியது. "எறங்குங்க, எறங்குங்க, ஆம்பளைங்கெல்லாம் ஒரு கை குடுங்க" என்றார் கண்டக்டர். தள்ளினார்கள், அசையவில்லை. கீழே காவிரி மணலும் கொஞ்சம் தண்ணீருமாக ஒன்றும் தெரியாத பிள்ளையைப் போலப் படுத்திருந்தது. இதுவா ஊரை அடித்துக்கொண்டு போனது என்று கேட்டேன். "இதேதான் மேடம்" என்றாள் ஆரோக்கியமேரி. அவளுடைய மாமா வீட்டு மாடிவரை வந்ததாம். பிறகு எல்லோரும் நடந்தே போனோம்.

கொட்டகையில் எங்களுக்கு நல்ல வரவேற்பு. பாய் விரித்தார்கள், டீ வந்தது. மாணவர்கள் நோட்டைத் திறந்து, உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரிங்க" என்றார் பிச்சை. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். மதியத்துக்குள் நோட்டு முழுக்கச் சரிங்க.

மரியாதையாகப் பேசுகிறவர்களிடமிருந்து உண்மையை வாங்க வாய் உதவாது, கை வேலை கொடுக்க வேண்டும். அடுத்த நாள் மேட்டு நிலத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு நேர்த் தெருவும் இரண்டு பக்கமும் மனைகளும், நிஜ அளவிலேயே, கோடு போட்டோம். தெருக்கோடியில், ஓடைச் சரிவுக்கு முன்னால், இன்னும் ஒரு மனைக்கு இடமிருந்தது. அதையும் கோடு போட்டேன். தெரு நேராக வந்து அந்த மனையின் வாசலில் முட்டும். பிறகு வீட்டுக்கு ஒரு செங்கல் கொடுத்து, உங்கள் மனையில் கொண்டுபோய் வையுங்கள், பிடிக்காவிட்டால் மாற்றுங்கள் என்றோம். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றோம்.

முந்தின நாள் சரிங்க என்றவர்கள்தானா இவர்கள் என்று ஆகிவிட்டது. சம்பந்திகள் எதிரெதிரே வேண்டாம் என்றார்கள், அண்ணன் தம்பி சுவரை ஒட்டி வேண்டும் என்றார்கள். ஒருத்தி தன் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு மூன்று மனை மாறினாள். ராகவனின் கை இரண்டு முறை அவிழ்ந்தது, முறைத்துக் கட்ட வைத்தேன். வெயில் ஏறும்போது எல்லா மனையிலும் செங்கல் இருந்தது, தெருக்கோடி மனையைத் தவிர. அதன் பக்கம் யாரும் போகவேயில்லை.

"அது தெருக்குத்துங்க டீச்சரம்மா" என்றார் பிச்சை. தெரு நேராக வந்து வாசலில் குத்தினால் அந்த வீட்டில் குடும்பம் தழைக்காது, ஆம்பளைக்கு ஆகாது, பிள்ளைக்கு ஆகாது. பினாங்கில் சீனர்கள்கூட இதையேதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட வாசல்களுக்கு மேலே அவர்கள் கண்ணாடி மாட்டியிருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிறவள் நான். கோடு போடும்போது அது நினைவுக்கு வரவில்லை.

அப்போதுதான் ஒரு பெண் அரைச் செங்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு தெரு ஓரமாக நிற்பதைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். பெயர் அஞ்சலை. நாங்கள் செங்கல் கொடுக்கும்போது அவளுக்குக் கொடுக்கவில்லை, அவள் எங்கிருந்தோ உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஏன் கொடுக்கவில்லை என்று மாணவர்களைக் கேட்டேன். வீட்டுக்கு ஒன்று யாருக்கெல்லாம் என்று கூட்டம்தான் சொன்னது, இவள் பெயரைச் சொல்லவில்லை என்றார்கள்.

பிச்சையின் மனைவி விளக்கினாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "புருசன் விட்டுட்டுப் போயி ரொம்ப வருசமாச்சுங்க. புள்ளகுட்டி இல்ல. கரையில கடைசியா ஒரு குடிசயில கெடந்தா. இப்ப எங்ககூடத்தான் சாப்புடுறா. ஒத்த ஆளுக்கு எதுக்குங்க தனி வீடு?"

எனக்குச் சுருக்கென்றது. குடும்ப அறையும் பஸ் சீட்டும் சேர்ந்து குத்தின என்று வைத்துக்கொள்ளுங்களேன். பினாங்கில் மூன்றாவது மாடியில் எனக்கும் ஒரு தனி வீடு இருக்கிறது, ஒத்த ஆளுக்கு எதுக்கு என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. வாய் துறுதுறுத்தது. ஆனால் சட்டம் போட்டவள் நானே, மாணவர்கள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அஞ்சலை யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நடுத்தெருவில் நடந்து, கோடி மனைக்குப் போய், அரைச் செங்கல்லை வைத்தாள். எல்லோரும் பிச்சையைப் பார்த்தார்கள். அவர் தாடையைச் சொறிந்தார். "இருந்துட்டுப் போவட்டும். தெருக்குத்து குடும்பத்ததான் அடிக்கும். அவளுக்குக் குடும்பமா குட்டியா, என்ன ஆயிரப்போவுது" என்றார். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. அஞ்சலைக்கு வீடு கிடைத்துவிட்டது, அது கிடைத்த காரணம்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை ராகவன் வீட்டில் சாப்பாடு. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குள் நுழைந்ததும் வெயில் வேறு மாதிரி ஆகிவிடுகிறது, மதில் நிழல். அவன் அம்மா வாசலுக்கே வந்து, "வாங்கோ, வாங்கோ, தளிகை ஆயிடுத்து. கையலம்பிண்டு இலைக்கு வந்துடுங்கோ" என்றார். ரசத்தைச் சாத்தமுது என்றார்கள், பாயசம் திருக்கண்ணமுது. இரண்டையும் இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். "ஆத்துக்காரர் வரலையா?" என்று கேட்டார். கல்யாணமே ஆகவில்லை என்றேன். ஒரு கணம் கரண்டி நின்றது. "அதனாலென்ன, பெருமாள் இருக்கார்" என்று இன்னும் கொஞ்சம் நெய் விட்டார். விருந்தாளி என்பதால் என்னை முதலில் உட்கார்த்தி, வீடே சுற்றி நின்று பரிமாறியது. அத்தனை பேர் நடுவில் ஒரே இலை.

சாப்பிட்டதும் ராகவன் வரைபடத்தை விரித்தான். அவனுக்கும் அந்தக் கோடி மனை உறுத்தியிருக்கிறது. "மேடம், தெருவோட கடைசிய கொஞ்சம் இடப்பக்கமா வளைச்சுட்டா அது தெருக்குத்தே இல்லையே. அவங்களுக்குத் தோஷமில்லாத மனை கெடைச்சுடும்" என்றான். எவ்வளவு சுலபம். தெரு வளைந்து அவள் மனையின் பக்கவாட்டில் போய் முடியும். அந்தப் பக்கத்து மூன்று மனைகளில் முன்புறம் ஒரு கை அகலம் குறையும், அவ்வளவுதான். பென்சிலை வாங்கி நானே வளைத்தேன். இங்கே வந்த நாளாக அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, பேச ஆளும் இல்லை. முக்கொம்புக்குப் போனேன். அணை மதகுகளுக்குக் கீழே ஊரே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தது. பக்கத்து ஜமக்காளத்தில் ஒரு அம்மா, "தனியா ஒக்காந்திருக்கீங்களே, வாங்க, புளிச்சோறு சாப்புடலாம்" என்று கூப்பிட்டார். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்புறம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு என் ஊர் ஞாபகம் வந்தது, ஊரில் யார் ஞாபகம் என்று பார்த்தால் குறிப்பாக யாரும் இல்லை.

திங்கட்கிழமை தெருவை வளைத்துப் புதுக் கோடு போட்டோம். பிச்சைக்கு ரொம்பத் திருப்தி. தெருவில் நடந்து பார்த்துவிட்டு, "இப்ப குத்து இல்லீங்க, நல்ல மனையாப் போச்சு" என்றார். ராகவன் முகத்தில் பெருமை தாங்கவில்லை. கொஞ்ச நேரம்தான். பிச்சையின் தங்கை மகன் முருகேசன், இந்தத் தை பிறந்ததும் கல்யாணமானவன், அம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பதாக இருந்தவன், அவன் அம்மா காதில் ஏதோ சொன்னான். அந்தம்மா பிச்சை காதில் சொன்னாள். "சின்னஞ்சிறுசுங்க, தனியா இருந்துட்டுப் போவட்டுமே. அஞ்சலைக்கு எங்க வீடு இருக்கு" என்றார் பிச்சை. குனிந்து, அரைச் செங்கல்லை மெதுவாக எடுத்து, அஞ்சலை உட்கார்ந்திருந்த வேப்பமரத்தடியில் வைத்தார். முருகேசனின் பெண்டாட்டி முழுச் செங்கல்லைக் கொண்டுவந்து வைத்தாள்.

கெட்ட மனையாக இருந்தவரை அது அஞ்சலைக்கு. நல்லதாக்கினோம், போய்விட்டது. ராகவன் என்னைப் பார்த்தான், நான் ஆரோக்கியமேரியைப் பார்த்தேன். புதன்கிழமை எனக்குப் பயணம், அதற்குள் வரைபடம் அறக்கட்டளைக்குப் போகவேண்டும். அடக்க முடியாமல் பிச்சையிடம் போய், அது அஞ்சலைக்கென்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். "நீங்கதான டீச்சரம்மா சொன்னீங்க, நாங்களே பேசி முடிவு பண்ணிக்கணும்னு" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அஞ்சலை அரைச் செங்கல்லை எடுத்துக்கொண்டு மரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை. கட்டையான, பெரிய குரல். "தெருவ ஏன் வளைச்சீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெருக்குத்து வேண்டாம்னுதான்."

"நான் வேண்டாம்னு சொன்னனா?"

ஆமாம், சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் என்னை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். இடப்பக்கத்து மூன்று மனைக்காரர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "ஒங்க வாசல்ல ஒரு கை எடம் போயிருச்சே, பாக்கலியா? நாளைக்கு ஒரு கட்டில் போடுவீங்களா அந்த வாசல்ல?" என்றாள். பார்த்துத்தான் இருக்கிறார்கள். படித்தவர்கள் போட்ட கோடு என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஒருவர் கால்களால் அளந்தார். இன்னொருவர் மாட்டு வண்டி அந்த வளைவில் திரும்பாது என்றார். சத்தம் கூடியது. ஆரோக்கியமேரி வாயைத் திறக்கப் போனாள், தானே கையைக் கட்டிக்கொண்டாள்.

"தெருவ நேராக்கினா மறுபடி குத்து வந்துருமேம்மா" என்றார் பிச்சை.

"வரட்டும். என் வாசல்லதான வரும்."

முருகேசனின் அம்மா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. மருமகளைக் கூப்பிட்டுச் செங்கல்லை எடுக்கச் சொன்னாள். பிச்சை மூன்று மனைக்காரர்களையும் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள், "கேக்குறா, குடுங்களேன்" என்றாள். "சரி, நேரா விடுங்க" என்றார் அவர். ராகவன் வளைவுக் கோட்டைக் காலால் அழித்தான். பழைய கோட்டின் மேல் மறுபடி சுண்ணாம்பு விழுந்தது. ஆரோக்கியமேரி ஒரு முழுச் செங்கல்லை எடுத்துக்கொண்டு ஓடினாள். அஞ்சலை அதை வாங்கிக் கோடி மனையில் வைத்தாள், அரைச் செங்கல்லை ஓடைப் பக்கம் வீசிவிட்டாள்.

மற்றவர்கள் கலைந்து டீ குடிக்கப் போனார்கள். அவள் தன் வாசல் வரவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. பக்கத்தில் போய், வேறு மனை கேட்டிருக்கலாமே, மரத்தடியில்கூட ஒன்று போட்டிருக்கலாமே என்றேன்.

"ஒக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

"அங்க பாருங்க. எந்த வீட்டுல அடுப்பு மூட்டுனாலும் இங்கேருந்து தெரியும். எந்தப் புள்ள அழுதாலும் தெரியும். யாரு வந்தாலும் மொத அடி வைக்கையிலயே எனக்குத் தெரிஞ்சுரும். கரையில என் குடிச ஆத்தப் பாத்துக் கெடந்துச்சு. ஒரு ஆள் மூஞ்சி தெரியாது. இத்தன வருசம் தண்ணியவே பாத்தாச்சு." கையால் தெருவைக் காட்டி, "அவங்களுக்கு இது குத்து. எனக்குத் தெருவே வீட்டுக்கு வருது" என்றாள்.

வெறும் மண்ணும் வெள்ளைக் கோடும்தான் எதிரே. ஆனாலும் தெருமுனையில் டீ கிளாசோடு நிற்கிறவர்கள் எல்லோரும், கிளாசைக் கழுவுகிற முருகேசனின் பெண்டாட்டிகூட, அங்கிருந்து தெளிவாகத் தெரிந்தார்கள்.

"ஒங்க ஊருல ஒங்க வாசல்லேருந்து என்ன தெரியும்?" என்று கேட்டாள் அஞ்சலை.

யோசித்துப் பார்த்தேன். மூன்றாவது மாடி, நடைவழியின் கடைசி வீடு. எதிரே ஏதோ ஒரு சுவர் இருக்க வேண்டும்.

"தெரியாதுங்க. கதவு சாத்தியேதான் இருக்கும்" என்றேன்.

"அடப் பாவமே" என்றாள் அவள். ஒப்புக்குச் சொல்லவில்லை, எனக்காக நிஜமாகவே வருத்தப்பட்டாள்.